பின்னாடி துள்ளுகிற வண்டியும் கமான் பட்டையின் முறுக்கும்

கானாடுகாத்தானில் என் சித்தப்பா ஒரு அம்பாசடர் வைத்திருக்கிறார். முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகும். மற்ற நாளில் பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஆத்தங்குடி, காரைக்குடி என்று போய்வரும். தார் ரோட்டில் ஒரு குறையும் கிடையாது. ஊருணிக்கரை மேட்டில், செம்மண் சரளை கொட்டிய இடத்தில் நிறுத்தி எடுத்தால் மட்டும் பின்பக்கம் தடதடவென்று ஓர் உதறல். போன தை மாதம் பின் சீட்டில் இருந்த ஆச்சி ஒருவர், "ஏப்பா, உரல் மேல உக்கார வச்ச மாதிரி இருக்கே, இறங்கி நடந்துரவா?" என்று கேட்டுவிட்டார். சித்தப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. அந்த வாரமே வண்டிக்கு அடியில் படுத்தோம்.

இந்த உதறலுக்கு வீல் ஹாப் என்று பெயர். பட்டறையில் 'பின்னாடி துள்ளுது' என்பார்கள். நானும் துள்ளல் என்றே சொல்கிறேன். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குவது வேறு சங்கதி, அது பெரும்பாலும் வீல் பேலன்ஸ் கோளாறு. துள்ளல் வருவது வண்டி கிளம்பும்போது, மேடு ஏறும்போது, அதாவது எஞ்சின் தன் பலத்தையெல்லாம் சக்கரத்துக்குக் கொடுக்கிற நேரத்தில். சக்கரம் தரையைப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும், விடும். ஒரு நொடிக்குள் இது பத்துத் தடவை போல நடப்பதால்தான் காதுக்குத் தடதடவென்று கேட்கிறது.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் புள்ளிக்கோடு போட்டதைப் பார்த்திருப்பீர்கள். சாக்பீஸைப் பலகையில் அழுத்தி, முனை முன்னால் போகிற மாதிரி சாய்த்துத் தள்ளுவார். டடடடடவென்று அழகாகப் புள்ளிகள் விழும். அவர் ஒவ்வொரு புள்ளியாக வைக்கவில்லை. சாக்பீஸ் பலகையில் ஒட்டிக்கொள்கிறது, பின்னால் கை தள்ளுவதால் விரலும் சாக்பீஸும் கொஞ்சம் வளைந்து பலத்தைச் சேர்த்துவைக்கிறது, ஒரு கட்டத்தில் பிடி விட்டுத் தாவுகிறது, தாவிய இடத்தில் மறுபடி ஒட்டுகிறது. சாக்பீஸை முனைக்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடித்தால் புள்ளி விழாது, நேர்க்கோடு வந்துவிடும். வளைய இடமில்லாவிட்டால் பலம் சேராது, பலம் சேராவிட்டால் தாவலும் இல்லை. காரின் துள்ளலுக்கும் இதே கதைதான். சாக்பீஸ் இருக்கிற இடத்தில் டயர், வளைகிற விரல் இருக்கிற இடத்தில் கமான் பட்டை, அதாவது வண்டியின் பாரத்தைத் தாங்குகிற, வில் போல் வளைந்த எஃகுப் பட்டை அடுக்கு.

அம்பாசடரிலும் பழைய ஜீப்பிலும் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்புக் கூடு சேர்த்திருக்கும். நடுவில் பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கும் இடத்தில் எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் திருப்பிவிடும் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்கள் இருக்கின்றன. இந்தக் கூட்டை ஹவுசிங் என்பார்கள். ஹவுசிங்கை வண்டியோடு கட்டிவைத்திருப்பது இரண்டு பக்கத்துக் கமான் பட்டைகள் மட்டுமே. பட்டையின் இரண்டு நுனியும் வளையமாகச் சுருண்டிருக்கும், அதைக் காது என்பார்கள். முன் காது வண்டியில் நிலையாக மாட்டியிருக்கும். பின் காது ஷாக்கிள் என்ற சின்ன இரும்புத் தொங்கலில் ஊஞ்சல் மாதிரி ஆடும். நடுவில் யூ போல்ட் போட்டு ஹவுசிங்கை இறுக்கியிருப்பார்கள். பாரத்தைச் சுமப்பது, சக்கரத்தை நேராக நிறுத்துவது, வண்டியை முன்னால் தள்ளுவது என்று எல்லா வேலையும் இந்தப் பட்டையின் தலையில். இந்த அமைப்புக்கு ஹாட்ச்கிஸ் டிரைவ் என்று பெயர், ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் பெயரால் வந்தது. மலிவானது, உறுதியானது, எந்தப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். ஒரே ஒரு வேலையில் மட்டும் தடுமாறும். அது முறுக்கலைத் தாங்குவது.

சக்கரம் முன்னோக்கிச் சுழன்றால் ஹவுசிங் பின்னோக்கிச் சுழலப் பார்க்கும். கிணற்று ராட்டினத்தை நீங்கள் ஒரு பக்கம் சுற்றினால் அது உங்கள் தோளை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கிற மாதிரி. எவ்வளவு பலமாக? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் முறுக்குவிசை பத்து கிலோகிராம் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியரில் அது மூன்றரை மடங்காகிறது, கிரவுனில் இன்னும் நாலரை மடங்கு. பெருக்கினால் 157. அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியை ஹவுசிங்கில் மாட்டி, அதன் நுனியில் 75 கிலோ அரிசி மூட்டை இரண்டைத் தொங்கவிட்டால் எவ்வளவு திருகுமோ அவ்வளவு. கிளட்ச்சைச் சடாரென்று விட்டால் சுற்றிக்கொண்டிருக்கும் பிளைவீலின், அதாவது எஞ்சினின் கனமான சக்கரத்தின், வேகமும் சேர்ந்துகொள்ளும், மூட்டை இன்னும் கூடும்.

இந்தத் திருகலில் பினியன் மூக்கு மேலே தூக்கும். பட்டையின் முன்பாதி மேலே புடைக்கும், பின்பாதி கீழே தொய்யும். பக்கத்திலிருந்து பார்த்தால் பாம்பு நெளிந்த மாதிரி இருக்கும். பட்டை எவ்வளவு நெளிகிறதோ அவ்வளவு பலம் அதற்குள் அடைபட்டிருக்கிறது. டயர் சரளையில் வழுக்கிய அந்தக் கணத்தில் எதிர்ப்பு போய்விடும். நெளிந்த பட்டை விடுபட்ட வில் மாதிரி நிமிரும். நிமிர்கிற வேகத்தில் டயர் தரையைவிட்டு எழும்பி, மறுபடி விழுந்து, பிடித்து, மறுபடி நெளிந்து... புள்ளிக்கோடு ஆரம்பித்துவிட்டது.

நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தால் போனை எடுங்கள். யாரையாவது மேட்டில் வண்டியைக் கிளப்பச் சொல்லி, பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று ஸ்லோமோஷனில் படம் எடுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கிற போன் என்றால் பட்டை நெளிவது நன்றாகவே தெரியும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்க வேண்டாம். இன்னொன்று, ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரை அழுத்தி நெளிவைப் பார்க்க நினைத்தால் ஒன்றும் தெரியாது. ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தை அதே ஹவுசிங்கோடுதான் பிடித்து நிறுத்துகிறது, அதனால் அந்த முறுக்கு ஹவுசிங்குக்குள்ளேயே முட்டி அடங்கிவிடும், பட்டைக்குப் போகாது. நாங்கள் முதல் நாள் முழுக்க இப்படித்தான் வீணாக்கினோம்.

இந்தத் துள்ளலைச் சும்மா சத்தம்தானே என்று விடக்கூடாது. ஒவ்வொரு தாவலும் ஒரு சுத்தியல் அடி. அந்த அடி சுழல்தண்டின் மூட்டான ஜாயின்ட் கிராஸுக்கு, கிரவுன் பினியன் பல்லுக்கு, ஆக்ஸிலுக்கு, பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டுக்கு என்று வரிசையாகப் போய்ச் சேரும். துள்ள ஆரம்பித்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது பாதிச் சிகிச்சை.

சரி, மருந்துக்கு வருவோம். பட்டறைக்குப் போனால் முதலில் சொல்கிற யோசனை, 'எக்ஸ்ட்ரா பட்டை ஒண்ணு போட்டுருவோம்'. வேண்டாம். பட்டை கூடினால் நெளிவு கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் பின்பக்கம் லாரி மாதிரி விறைத்துப்போகும். ஆள் ஏறாத வண்டியில் மண் ரோட்டுக் குலுக்கலுக்கே டயர் தரையைவிட்டுக் கிளம்பும். செம்மண் ரோட்டில் பலகை பலகையாக அலை விழுந்திருக்குமே, அதுவே வேகமாகப் போகிற சக்கரங்கள் துள்ளித் துள்ளி உண்டாக்கியதுதான். அந்த அலைமேல் விறைத்த வண்டியை ஓட்டினால் துள்ளல் இரட்டிப்பாகும். அமெரிக்காவில் க்ரைஸ்லர் கம்பெனி தன் ஓட்டப்பந்தய வண்டிகளுக்குப் பட்டையின் முன்பாதியை மட்டும் குட்டையாகவும் விறைப்பாகவும் செய்து கொடுத்தது. முறுக்கலைத் தாங்குவது முன்பாதி, சொகுசு தருவது பின்பாதி என்ற கணக்கு. முழுப்பட்டை ஒன்றைச் சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கைக் கோட்டைவிடுகிறார்கள்.

எதையும் புதிதாகப் போடுவதற்கு முன் இருப்பதைப் பாருங்கள். செட்டிநாட்டு வண்டிகளுக்கு ஒரு தனி வியாதி உண்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வண்டி வருஷம் முழுக்க ஷெட்டில் தூங்கும்; படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எழுப்புவார்கள். ஓடாத வண்டியில் பட்டையின் காதுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் காய்ந்து வெடித்துவிடுகிறது. பட்டைகளுக்கு நடுவில் துரு பிடித்து ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் தளர்ந்தும் போகிறது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து வெறும் குழாயாக நிற்கிறது. சித்தப்பா வண்டியும் அவர் கைக்கு வரும் முன் இப்படித் தூங்கிய வண்டிதான். அடியில் படுத்துப் பார்த்தால் வலதுபக்கம் யூ போல்ட் நட்டு ஒன்று கையாலேயே திரும்பியது. ஸ்பேனரே தேவைப்படவில்லை! முன் காது புஷ் இருந்த இடத்தில் கருப்புத் தூள்தான் கொட்டியது. நான் பார்த்தவரை பழைய வண்டிகளின் துள்ளலில் பெரும்பங்கு இந்த இரண்டு இடத்திலேயே தீர்ந்துவிடும். மாடிஃபிகேஷன் என்ற பெரிய வார்த்தைக்கே வேலையிருக்காது.

புஷ் மாற்றும்போது ஒரு சூட்சுமம். ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்குகிற நிலையில் காது போல்ட்டை முழுக்க இறுக்காதீர்கள். தொங்குகிற கோணத்தில் ரப்பர் பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் அந்த ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும். வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் பட்டையில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. அடியில் படுப்பதற்கு முன் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ கொடுங்கள். இந்த ஊரில் பர்மா தேக்குக் கட்டைக்கா பஞ்சம்!

இவ்வளவும் செய்த பிறகும் எங்கள் வண்டி கொஞ்சம் துள்ளியது. காரணம், அதில் 1489 சி.சி. பழைய எஞ்சின் இல்லை. 1990களில் வந்த 1.8 லிட்டர் ஐசூசு. பலம் கூடிய எஞ்சின், ஆனால் கமான் கட்டு அதே பழைய பாணி. அதனால் வீட்டு வைத்தியத்தின் அடுத்த படிக்குப் போனோம்.

முதல் படி கிளாம்ப். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வளையுங்கள், சுலபமாக வளையும். தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால்தான் வளைகிறது. ஓரத்தைக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டு வளைத்தால் முரண்டு பிடிக்கும். கமான் கட்டும் அப்படியே. ஹவுசிங்குக்கும் முன் காதுக்கும் நடுவில், முன்பாதியில் மட்டும், பட்டைகளைச் சேர்த்துக் கவ்வுகிற மாதிரி இரண்டு கிளாம்ப் போட்டால் முன்பாதி விறைக்கும். பின்பாதியைத் தொடாததால் சவாரி ரொம்பக் கெடாது. லேத்தில் சொன்னால் தகடும் போல்ட்டும் வைத்து ஒரு மணி நேரத்தில் செய்து தருவார்கள். பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம் என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

அடுத்தது டிராக்ஷன் பார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். தத்துவம் எளிமை. ஹவுசிங்கோடு சேர்த்து, பட்டைக்கு அடியில் ஒரு கம்பியை முன்னோக்கி நீட்டி இறுக்குகிறோம். கம்பியின் முன் நுனியில் ஒரு ரப்பர் கட்டை, முன் காதுக்கு நேர் கீழே, ஒரு சின்ன இடைவெளி விட்டு நிற்கும். சாதாரணமாக ஓடும்போது கட்டை எதையும் தொடாது. கிளட்ச்சை விட்டதும் ஹவுசிங் திருகப் பார்க்கும், அதோடு கம்பியின் நுனியும் மேலே எழும்பும், ரப்பர் கட்டை போய்க் காதில் முட்டும். அவ்வளவுதான், மேற்கொண்டு திருக முடியாது. பட்டை நெளிய இடமில்லை, பலம் சேர வழியில்லை. சாக்பீஸை முனையில் பிடித்துவிட்டோம்.

நான் செய்தது ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில், மூன்று மில்லி கனத்தில். யூ போல்ட்டுக்கு அடியில் வரும் தகட்டையே கொஞ்சம் பெரிதாக வெட்டி அதில் குழாயை வெல்டிங் வைத்தேன். அளவெடுத்தபோது முன் காதுக்கு அடியில் சைலன்சர் குழாய் கொஞ்சம் இடித்தது. 'நாலு அங்குலம் குறைத்தால் என்ன ஆகிவிடும்' என்று குழாயைக் குட்டையாக வெட்டிவிட்டேன். ரப்பர் கட்டை காதுக்கு அடியில் முட்டாமல், அதற்கு நாலு அங்குலம் பின்னால் பட்டையின் வயிற்றில் முட்டியது. மூன்று வாரம் துள்ளல் சுத்தமாக நின்றிருந்தது, எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் பள்ளத்தூர் போகும் வழியில் படாரென்று ஒரு சத்தம். மெயின் பட்டை, ரப்பர் முட்டிய அதே இடத்தில், இரண்டாக உடைந்திருந்தது. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஒரே இடத்தில் இடித்து இடித்து நானே அதைச் சாகடித்திருக்கிறேன். காதுக்கு நேர் கீழே முட்டினால் அந்த இடி நேராக வண்டியின் பிராக்கெட்டுக்குப் போய்விடும், பட்டைக்கு வலிக்காது. அளவு சரியாக அமையவில்லை என்றால் சைலன்சர் குழாயைத்தான் நகர்த்த வேண்டும்.

இடைவெளி அரை அங்குலத்துக்குள் இருந்தால் போதும். ஒட்டியே வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் முட்டி வண்டி விறைக்கும். அதிகம் விட்டால் திருகல் வேகம் எடுத்த பிறகு போய் இடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கட்டும். பிரேக் அடிக்கும்போது ஹவுசிங் எதிர்ப்பக்கம் திருகும், அப்போது கட்டை காதைவிட்டு விலகிப்போகும். ஆகவே இந்தக் கம்பி பிரேக் நேரத்துத் துள்ளலுக்கு ஒன்றும் செய்யாது. அதற்கு ஷாக் அப்சார்பரைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: எதை வெல்டிங் செய்தாலும் கமான் பட்டையில் செய்யாதீர்கள், ஓட்டையும் போடாதீர்கள். அது காய்ச்சி, குளிரவைத்து, பதம் ஏற்றிய எஃகு. வெல்டிங் சூட்டில் பதம் போய்விடும். பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி நொறுங்குகிற ஒரு கோடு உண்டாகும். உடைந்த பட்டைக்கு ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் ஓர் அழகான உபாயம் உண்டு. 1967இல் வந்த முதல் செவ்ரொலே கமாரோவில் பின்னால் ஒற்றைப் பட்டை. பலமான எஞ்சின் போட்ட வண்டிகள் துள்ளித் தொலைத்தன. அடுத்த வருஷமே அந்தப் பலசாலி மாடல்களுக்குப் பல பட்டைகளைப் போட்டு, ஒரு பக்கத்து ஷாக்கை ஹவுசிங்குக்கு முன்னாலும் மறுபக்கத்து ஷாக்கைப் பின்னாலும் மாட்டினார்கள். ஹவுசிங் திருகினால் ஒன்று அமுங்கும், இன்னொன்று இழுபடும். இரண்டும் சேர்ந்து திருகலுக்கே பிரேக் போடும். ஆனால் இதை வீட்டில் செய்ய நான் சொல்ல மாட்டேன். ஷாக்கின் மேல்முனைக்குப் புது இடம் வேண்டும், அதற்கு பாடியில் வெட்டி ஒட்ட வேண்டும். இருக்கிற இடத்தில் நல்ல புது ஷாக் போடுவதே நமக்குப் போதும்.

'என்னிடம் அம்பாசடர் இல்லை, ஸ்விஃப்ட்தான்' என்கிறவர்களுக்கு: முன்சக்கரம் இழுக்கும் வண்டியிலும் துள்ளல் வரும், மழை நாளில் மேட்டில் கிளப்பினால் தெரியும். அங்கே கமான் கிடையாது. சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ் தளர்ந்து சக்கரம் முன்னும் பின்னும் ஆடுவது ஒரு காரணம், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்து எஞ்சினே ஊஞ்சல் ஆடுவது இன்னொன்று. ரப்பருக்குப் பதிலாக பாலியூரித்தேன் புஷ் போடுகிறவர்கள் உண்டு. துள்ளல் குறையும், ஆனால் எஞ்சின் அதிர்வு முழுக்க சீட்டுக்கு வந்துவிடும். தினமும் ஓட்டுகிற வண்டிக்குக் கம்பெனி ரப்பரே மேல்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் கம்பெனி முதலில் குறித்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொன்னது. புஷ், ஷாக் மாற்றுவது பழுதுபார்ப்பு. கழற்றி மாட்டுகிற கம்பியை அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்பது அவரைப் பொறுத்தது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய்க் காட்டவேண்டி இருப்பதால், முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. இதற்காகவே எங்கள் கம்பியை எட்டு போல்ட்டில் கழன்று வருகிற மாதிரி செய்திருக்கிறேன்.

யூ போல்ட் இறுக்கிய பிறகு நட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து வெள்ளை பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்கிறது என்று அர்த்தம். புதுப் பட்டை போட்டதும் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் கட்டாயம் ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும், பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காருவதால் போல்ட் தானாகவே தளரும். சித்தப்பா இப்போது ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முந்தின நாள் டார்ச் லைட்டோடு குனிந்து அந்தக் கோட்டைப் பார்க்கிறார். போன வாரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தவர், "கோடு நேராத்தான்டா இருக்கு, என் முதுகுதான் நேராகல" என்றார்.